பாட்டு ஏன் சின்னதாகக் கேட்கிறது? வீட்டு மிக்ஸிங்கில் லெவல் முதல் லிமிட்டர் வரை

வீட்டில் முதன்முதலாக மிக்ஸ் செய்த, அதாவது தனித்தனி ட்ராக்குகளைக் கலந்து முடித்த, பாட்டை ஃபோனில் ஏற்றி, சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் போட்டுக் கேட்டேன். பக்கத்து வீட்டில் ஓடுகிற மாதிரி இருந்தது. இத்தனைக்கும் மீட்டரில் என் பாட்டும் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. எரிச்சலில் எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டரில், உச்சத்தை ஓர் எல்லைக்கு மேல் விடாத லிமிட்டர் ஒன்றைப் போட்டு 10 டெசிபல் தள்ளினேன். சத்தம் வந்தது. ஆனால் பறை, அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. நண்பன் இரண்டாவது சரணம் வருவதற்குள் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டான். பிறகு இணையத்தில் ஏற்றினேன். தளம் அந்தச் சத்தத்தையும் தானாகக் குறைத்துவிட்டது. அட்டைப்பெட்டி மட்டும் மிஞ்சியது.

அதே பாட்டையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒரு குரல், ஒரு கிட்டார், பேஸ், கீபோர்டு, பறை. அவ்வளவுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

மீட்டரில் தெரியும் பூஜ்யம், வாசல் நிலை மாதிரி. அதற்கு மேல் எண் கிடையாது, கீழே இருப்பவை எல்லாம் மைனஸ் டெசிபல். மீறினால் அலையின் தலை வெட்டுப்படும். அதைத்தான் கிளிப் ஆகிறது என்கிறோம். ஆனால் நிலையில் ஒருவருக்குத் தலை இடிக்கிறது என்பதை வைத்து வீட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பறையில் சிண்டுக்குச்சி என்ற மெல்லிய குச்சி விழும் அடி -2 வரை எகிறும். சில மில்லிசெகண்டில் இறங்கிவிடும். குரலின் உச்சம் -9தான். ஆனாலும் குரல்தான் பெரிதாகக் கேட்கும், ஏனென்றால் அது நீடித்து நிற்கிறது. காது பெரும்பாலும் சராசரியைத்தான் கணக்கில் எடுக்கிறது, உச்சத்தை அல்ல. உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள அந்த இடைவெளியில்தான் பாட்டின் உயிர்த்துடிப்பு இருக்கிறது. டைனமிக்ஸ் என்று சொல்வதில் பாதி இதுதான். மீதிப் பாதி, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் உள்ள ஏற்ற இறக்கம்.

படி 1: கேட்கும் சத்தத்தைக் கட்டிப்போடுங்கள்

எந்த பிளக்-இன்னையும் (சாஃப்ட்வேருக்குள் போடும் ஒலிக் கருவி) தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸ் எனும் அடி ஒலிகளையும் கீச்சென்ற மேல் ஒலிகளையும் சரியாகப் பிடிக்காது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து காட்டினார்கள். அதனால்தான் இரவு பதினொரு மணிக்கு, வீட்டில் திட்டு விழாமல் இருக்க மெதுவாக வைத்து மிக்ஸ் செய்தால் பேஸ் போதவில்லை என்று தோன்றும். ஏற்றுவோம். மறுநாள் காரில் போட்டால் கதவு அதிரும்.

எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்கு ஸ்பீக்கரை வையுங்கள். ஃபோனில் சத்தம் அளக்கும் ஆப் இருந்தால் 70 முதல் 75 டெசிபல் காட்டும் (இது காற்றில் வரும் சத்தத்தின் அளவு, மீட்டரின் மைனஸ் எண் வேறு). சின்ன அறைக்கு அது போதும். இப்போது கணினியையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் சத்தக் குமிழ் நிற்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். என்னுடையதில் இருப்பது வீட்டுக் கண்ணாடியிலிருந்து எடுத்த சிவப்புப் பொட்டு. மிக்ஸ் முடியும் வரை குமிழ் அங்கேதான்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இரண்டு ஒலிகளில் ஒன்று 1 டெசிபல் கூடுதலாக இருந்தால், அது சத்தமாக இருக்கிறது என்று காது சொல்லாது. "நல்லா இருக்கு" என்று சொல்லும். ஆரம்பத்தில் நாம் ஏமாறும் இடம் எல்லாம் இதுதான்.

படி 2: ட்ராக்குகளை இறக்கி வையுங்கள்

24 பிட்டில் பதிவு செய்கிறோம் என்றால் கணக்குப்படி 144 டெசிபல் இடம் இருக்கிறது. 16 பிட்டிலேயே 96 உண்டு. ஆகவே பதிவு செய்யும்போது சிவப்பைத் தொடுகிற அளவுக்கு ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு ட்ராக்கின் உச்சமும் -12 அருகில் இருக்கும்படி கிளிப் கெயினை, அதாவது பதிவான ஒலித்துண்டின் சத்த அளவை, இறக்குங்கள். ட்ராக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரில் அல்ல, கிளிப்பிலேயே. பிறகு எல்லா ஃபேடர்களையும் கீழே இழுத்துவிட்டு, குரலை முதலில் ஏற்றுங்கள். அப்புறம் பறை, பேஸ், கிட்டார், கடைசியில் கீபோர்டு. மாஸ்டரின் உச்சம் -6 அருகில் வந்தால் போதும். ஈக்யூ (அடி, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), ரிவெர்ப் (அறையின் எதிரொலி சேர்ப்பது) எதுவும் இல்லாமலேயே பாட்டு ஓரளவு நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் லெவலில்தான் தப்பு இருக்கிறது.

படி 3: குரலைக் கையால் சமப்படுத்துங்கள்

இதைத் தாண்டிக் குதித்து நேரே, எகிறும் சத்தத்தைத் தானாக அமுக்கும் கம்ப்ரெஸருக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் போனவன்தான். எவ்வளவு நல்ல கம்ப்ரெஸராக இருந்தாலும் இந்த வேலையை அது செய்து தராது.

"வண்டி போன தெருவிலே" என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். பாடுபவர் 'வண்' என்பதில் அழுத்துவார், அது -12. 'தெரு' வரும்போது -18. மூச்சு தீர்கிற இடத்தில் வரும் 'விலே' -26க்கு இறங்கிவிடும். தமிழில் வேற்றுமை உருபும் வினை விகுதியும் சொல்லின் கடைசியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வால் காணாமல் போனால் கேட்பவருக்குத் 'தெரு' மட்டும் கிடைக்கும்; தெருவிலா, தெருவையா என்று தெரியாது. வேவ்ஃபார்மைப் பெரிதாக்கி, 'விலே' இருக்கும் துண்டை வெட்டி, 4 டெசிபல் ஏற்றுங்கள். 'வண்' இருக்கும் துண்டை 2 இறக்குங்கள். வெட்டிய இரண்டு முனைகளிலும் குட்டியாக ஒரு ஃபேட் (சத்தம் மெல்ல ஏறி இறங்கும் சரிவு) போட மறக்காதீர்கள், இல்லையென்றால் 'டக்' என்று கேட்கும். மூச்சு இழுக்கும் சத்தத்தைத் தனியாக வெட்டி 6 டெசிபல் குறைத்துவிடுங்கள். பின்னால் கம்ப்ரெஸர் அதைத் தூக்கிக் காட்டும். ஆனால் முழுசாக அழிக்காதீர்கள். மூச்சே விடாமல் பாடுகிறவர் மனிதராகத் தெரிய மாட்டார்.

நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். எல்லாச் சொல்லையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது நோக்கமல்ல. ஒரு சொல் கூடத் தொலையக் கூடாது, அவ்வளவுதான்.

படி 4: கம்ப்ரெஸர்

ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் கம்ப்ரெஸர் பயமுறுத்தாது. அமுக்கத் தொடங்கும் எல்லையான திரெஷோல்ட் -18, அமுக்கும் விகிதமான ரேஷியோ 4:1. குரல் -10க்கு ஏறுகிறது. அதாவது எல்லையை 8 டெசிபல் தாண்டுகிறது. அந்த 8ஐ நான்கால் வகுத்தால் 2. ஆக, வெளியே வருவது -16. மீட்டர் 6 டெசிபல் குறைத்ததாகக் காட்டும். எல்லைக்குக் கீழே இருப்பதை அது தொடுவதில்லை.

அட்டாக் (எவ்வளவு வேகமாக அமுக்குகிறது), ரிலீஸ் (எவ்வளவு வேகமாக விடுகிறது) இரண்டும் புரிய, பறை ட்ராக்கில் வைத்துப் பழகுங்கள். ரீப்பர் என்ற மிக்ஸிங் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு ரியாகாம்ப் என்ற கம்ப்ரெஸர் கூடவே வரும். வேறு சாஃப்ட்வேர் என்றால் டிடிஆர் நிறுவனத்தின் கோட்டெல்னிக்காவ் இலவசமாகக் கிடைக்கிறது. பழகுவதற்காக மட்டும் ரேஷியோவை 10:1 ஆக்கி, 10 டெசிபல் குறைகிற வரை திரெஷோல்டை இறக்குங்கள். அட்டாக்கை 1 மில்லிசெகண்டில் வைத்தால் குச்சி தோலில் படும் அந்த 'சுரீர்' போய், பின்னால் வரும் 'தும்' மட்டும் கேட்கும். அதுதான் நான் முன்பு செய்த அட்டைப்பெட்டி. மெதுவாக 30 வரை ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் குச்சி திரும்ப வந்துவிடும். அந்த இடத்தைக் காதால் பிடியுங்கள்.

ரிலீஸை 500க்கு மேல் வைத்தால் முதல் அடிக்கு இறங்கிய கம்ப்ரெஸர் அடுத்த அடி வரும்போதும் எழுந்திருக்காது. பறை முழுவதும் அமுங்கிக் கிடக்கும். 20க்குக் கீழே போனால் ஒலி மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கும். குறைப்பைக் காட்டும் ஊசி, அடுத்த அடி விழுவதற்குச் சற்று முன் பூஜ்யத்துக்குத் திரும்பும்படி வையுங்கள். பாட்டின் வேகத்துக்கு ஏற்ப இது மாறும்.

பிடிபட்டதும் ரேஷியோவை 3:1க்குக் கொண்டுவந்து, குறைப்பு 3 அல்லது 4 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். குரலுக்கும் இதே அளவு போதும். அதற்கு மேல் வேண்டியிருந்தால் ஒரே கம்ப்ரெஸரைக் கசக்குவதைவிட, இரண்டாவதாக ஒன்றை லேசாகப் போடுவது நல்லது.

இப்போதுதான் முக்கியமான வேலை. அமுங்கிய சத்தத்தை ஈடுகட்ட மொத்தத்தையும் ஏற்றும் மேக்கப் கெயினைத் தானாகக் கொடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, பைபாஸ் செய்தாலும் (கம்ப்ரெஸர் இல்லாமல் கேட்டாலும்) செய்யாவிட்டாலும் ஒரே சத்தமாகக் கேட்கும்படி மேக்கப்பை நீங்களே வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் பொத்தானைப் பத்துப் பதினைந்து தடவை, எது எது என்று மறந்துபோகும் வரை தட்டுங்கள். பிறகு கேட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் கம்ப்ரெஸர் இல்லாததுதான் பிடித்திருக்கும். என் அனுபவம் அப்படி.

படி 5: லஃப்ஸ் மீட்டர்

நிகழ்ச்சியைவிட விளம்பரம் அலறுகிற தொல்லை எல்லா ஊர்த் தொலைக்காட்சியிலும் இருந்தது. காது கேட்கும் சத்தத்தை எப்படி அளப்பது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006ல் ஒரு முறையை வெளியிட்டது. அதன் அடிப்படையில் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010ல் -23 என்று தங்களுக்கு ஓர் அளவை வைத்துக்கொண்டார்கள். அந்த அலகுதான் லஃப்ஸ் (LUFS). அடி பேஸைக் குறைவாகவும், கீச்சென்ற மேல் ஒலிகளைச் சற்றுக் கூடுதலாகவும் எடைபோட்டுச் சராசரி எடுக்கும். மௌனமான இடங்களைக் கணக்கில் சேர்க்காது. அதனால் நடுவில் நான்கு விநாடி நிசப்தம் விட்டாலும் எண் இறங்காது.

யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பை மாஸ்டரில் கடைசியாகப் போடுங்கள். மூன்று எண்கள் தெரியும். மொமென்டரி என்பது 400 மில்லிசெகண்டு, ஷார்ட் டெர்ம் 3 விநாடி, இன்டகிரேட்டட் முழுப்பாட்டும். கடைசி எண் சரியாக வர, பாட்டை முதலிலிருந்து முடிவு வரை ஓட விட வேண்டும்.

ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் -14க்குக் கொண்டுவருகிறது. ஆப்பிள் மியூசிக்கில் -16. யூடியூப் ஏறத்தாழ -14ஐத் தாண்டியதைக் குறைக்கும், குறைவாக இருப்பதை ஏற்றாது. நீங்கள் -8ல் நசுக்கிக் கொடுத்தால் 6 டெசிபல் இறக்கிவிடுவார்கள், நசுங்கியது நசுங்கியதுதான். பக்கத்தில் -14ல் வந்த பாட்டின் பறை அப்போது உங்கள் பறைக்கு மேலே எகிறி அடிக்கும்.

அதற்காக -14 வேதவாக்கும் அல்ல. சந்தைக்கு வரும் பாட்டுகளில் -9, -8 என்று இருப்பவை ஏராளம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் கோப்பையும் காரில் செருகும் பென்டிரைவையும் யாரும் சமப்படுத்திக் கொடுப்பதில்லை. தொடக்கத்தில் -14க்கும் -12க்கும் நடுவில் எங்காவது நில்லுங்கள். இந்த எண்ணைவிட நான் அதிகம் பார்ப்பது ஷார்ட் டெர்ம் எண்ணைத்தான். மெலடியில் பல்லவி தொடங்கும் இடத்துக்கும் சரணத்தின் உச்சத்துக்கும் இடையில் 6 இருந்தால் ஏறுவது தெரியும். 10 இருந்தால் பேருந்தில் இயர்ஃபோனோடு போகிறவருக்குப் பல்லவி கேட்காது. குத்துப்பாட்டுக்கு 3 போதும்.

படி 6: லிமிட்டர்

லவுட்மேக்ஸ் என்ற லிமிட்டர் இலவசம், இரண்டே ஸ்லைடர். மீட்டருக்கு முன்னால் போடுங்கள். உச்ச எல்லை -1. ட்ரூ பீக் என்று பொத்தான் உள்ள லிமிட்டர் உங்களிடம் இருந்தால் அதை முடுக்கிவிடுங்கள். டிஜிட்டல் கோப்பில் இருப்பவை புள்ளிகள்தான். அவற்றை இணைத்து அலையாக்கும்போது இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அலை இன்னும் உயரலாம். எம்பி3 போன்றவற்றுக்கு மாற்றும்போதும் உச்சம் எகிறும். -14ஐவிடச் சத்தமான மாஸ்டர் என்றால் -2 விடும்படி ஸ்பாட்டிஃபையே சொல்கிறது.

பாட்டில் மிகச் சத்தமான பகுதியைச் சுற்றவிட்டு, குறைப்பு 2 முதல் 3 டெசிபல் வரும் வரை தள்ளுங்கள். நினைத்த எண் வரவில்லையா? மேலும் தள்ளாதீர்கள். மிக்ஸுக்குத் திரும்பிப் போய் பேஸைப் பாருங்கள். அடி பேஸை லஃப்ஸ் குறைவாகத்தான் எண்ணுகிறது, ஆனால் லிமிட்டர் அதை முழுசாக எண்ணுகிறது. தேவையில்லாத அடி ஒலி இடத்தை அடைத்துக்கொள்ளும், சத்தத்தையும் கூட்டாது. கிட்டார், கீபோர்டு, குரல் மூன்றிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டியதில் என் பாட்டில் லிமிட்டர் வேலை 2 டெசிபல் குறைந்தது.

படி 7: ஒப்பிட்டுப் பார்த்து, வெளியே எடுங்கள்

உங்களுக்குப் பிடித்த, இதே வகைப் பாட்டு ஒன்றைத் தனி ட்ராக்கில் போடுங்கள். அது மாஸ்டர் லிமிட்டர் வழியாகப் போகக் கூடாது. அது -9 காட்டுகிறது, உங்களுடையது -13 என்றால், அதன் ஃபேடரை 4 டெசிபல் இறக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இறக்காமல் ஒப்பிட்டு மனம் உடைந்த ராத்திரிகள் எனக்கு நிறைய உண்டு.

பிறகு ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சமையலறையில் நின்று கேளுங்கள். சொற்கள் புரிகின்றனவா, பறை தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அன்றைக்கு வேறு எதையும் மாற்றாதீர்கள். மறுநாள் காலையில் பொட்டு இருக்கும் இடத்தில் குமிழை வைத்து ஒரு தடவை கேட்டுவிட்டு, 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். கோப்பின் பெயரிலேயே லஃப்ஸ் எண்ணையும் தேதியையும் எழுதிவிடுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் உண்மையிலேயே' என்று என் கணினியில் இன்னும் மூன்று கோப்புகள் கிடக்கின்றன. நண்பனுக்கு அனுப்பியது எது என்று இன்றுவரை தெரியாது.