மூன்று மணி நேரம் கழித்தும் அந்தப் பல் வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானை (வீட்டுக் குடியிருப்பை) அடுத்து, செம்பனை வரிசைகள் தொடங்கும் இடத்தில் ஒரு திடல் இருக்கிறது. அங்கே பந்து விளையாடிய பக்கத்து வீட்டுப் பையனுக்கு, வயது 11, யாருடைய முழங்கையோ பட்டு மேல் முன்பல் வேரோடு வந்துவிட்டது. தாத்தா அதை டிஷ்யூவில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரத்தத்தை நிறுத்தி, கார் பிடித்து, பல் மருத்துவர் முன் உட்கார மூன்று மணி நேரம் ஆனது. நடுவில், “செத்த பல்லை இன்னும் எதற்குச் சுமக்கிறீர்கள்?” என்று கேட்டது நான்தான். நல்லவேளை, தாத்தா என் பேச்சைக் கேட்கவில்லை. மருத்துவர் அந்தப் பல்லையே திரும்ப நட்டார்.

வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சவ்வு ஒன்று உண்டு. பல் உலர்ந்து கிடந்தால் அதன் உயிரணுக்கள் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் மடிந்துவிடும். டிஷ்யூ செய்தது அந்த வேலையைத்தான். மண் ஒட்டியிருக்கிறதென்று சோப்புப் போட்டு வேரைத் தேய்ப்பது அதைவிடக் கெட்டது. பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, பாலில் லேசாக அலசி, முடிந்தால் அங்கேயே குழியில் செருகி, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் பாலிலேயே போட்டு எடுத்துச் செல்லுங்கள். சாப்பாட்டுக்கடையில் தேநீருக்கு ஊற்றும் டின் பால் அல்ல, சர்க்கரை சேர்க்காத குளிர்ந்த பால். வெறும் தண்ணீரில் ஊறப்போட்டால் உயிரணுக்கள் உப்பி வெடிக்கும்.

விழுந்தது பால் பல்லாக இருந்தால் திரும்பச் செருகவே கூடாது. அடியில் வளரும் நிலைப்பல் சேதமாகும். அதைத் தாராளமாகக் கூரைமேல் எறியலாம்.

சவ்வு மடிந்த பிறகு பல்லை எதற்கு நட வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். சவ்வு இல்லாத வேரோடு எலும்பு நேராக ஒட்டிக்கொள்கிறது. பிறகு வேரைச் சிறிது சிறிதாகத் தின்று, அந்த இடத்தை எலும்பாலேயே நிரப்புகிறது. ஆகவே பல் ஆயுளுக்கும் நிற்காது. ஆனால் அது நிற்கும் வருடங்களில் அந்த இடத்து எலும்பு வற்றாமல் இருக்கும். வளரும் பிள்ளைக்குச் செயற்கைப் பல்வேர் பதிக்க முடியாது. வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை இடத்தைக் காப்பது அந்தச் செத்த பல்தான்.

பெரிய தவறுகள் பல்லை நட்டு வீடு திரும்பிய பின்தான் நடக்கின்றன. பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிய வளையும் கம்பி வழக்கமாக 2 வாரம் இருக்கும். பல் ஆடவில்லை, வலியும் இல்லை என்றதும் பெற்றோர் அடுத்த தேதியை விட்டுவிடுகிறார்கள். பல்லுக்குள் செத்த நரம்பை எடுக்கும் வேர் சிகிச்சையை அந்த 2 வாரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். உள்ளே செத்த நரம்பு அழுகினால், எலும்பு பல வருடத்தில் செய்வதைக் கிருமி சில மாதத்தில் முடித்துவிடும். திடல் மண்ணில் விழுந்த பல் என்பதால் டெட்டனஸ் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். பலருக்கு அது நினைவுக்கே வருவதில்லை.

முகம் வளரும்போது மற்றப் பற்கள் இறங்கி வரும். ஒட்டிக்கொண்ட பல் அங்கேயே நின்று, குட்டையாகத் தெரியும். உடனே பிடுங்கச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். பிடுங்கினால் காப்பாற்றிய எலும்பும் உடைந்து கூடவே வரும். பக்கத்துப் பல்லோடு உள்ள உயர வித்தியாசம் 1 மில்லிமீட்டரைத் தாண்டினால், வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி, வேரை எலும்புக்குள் விட்டுவிடும் முறை இருக்கிறது.

பையனுக்கு இப்போது 13 வயது. பல் கொஞ்சம் குட்டைதான். சிரித்தால் எனக்குத் தெரிகிறது, அவன் நண்பர்களுக்குத் தெரியவில்லையாம். அடுத்த எக்ஸ்ரே ஆண்டிறுதி விடுமுறையில்.