ஃபிரண்ட் லோட் வாஷிங் மெஷின்: பழுதைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

மெஷின் மக்கர் செய்தவுடன் ஸ்க்ரூ டிரைவரைத் தேட வேண்டாம். எந்த நேரத்தில் மக்கர் செய்கிறது என்பதை முதலில் பாருங்கள். தண்ணீர் பிடிக்கும்போதா, துணி புரளும்போதா, தண்ணீரை வெளியேற்றும்போதா, கடைசியில் பிழியும்போதா? ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு பாகம் வேலை செய்கிறது. அதனால் பழுது தெரியும் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும். இதைக் கவனிக்காமல் "மின்னணு போர்டு போய்விட்டது" என்று முடிவுகட்டிப் பணத்தை இறைப்பவர்கள் நிறைய. கோளாறு பெரும்பாலும் அடைத்த ஃபில்டரிலோ, மிஞ்சிய நுரையிலோ, விரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாயிலோதான் இருக்கும்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். இன்வெர்ட்டர் மோட்டார் உள்ள மெஷினில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பத்து நிமிடமாவது விட்டு, மீட்டரால் சோதித்த பிறகே போர்டைத் தொட வேண்டும். ஆட்டத்தை அடக்குவதற்காக உள்ளே கனமான கான்கிரீட் கட்டிகள் இருப்பதால் மெஷினின் எடை 60 முதல் 80 கிலோ வரை வரும். தனி ஆளாகச் சாய்க்காதீர்கள். உள்தகடுகளின் ஓரம் கையை அறுத்துவிடும், கையுறை கட்டாயம்.

தண்ணீர் வெளியேறாவிட்டால்

அடிக்கடி வரும் கோளாறு இதுதான். எல்ஜி மெஷினில் ஓஇ, சாம்சங்கில் 5இ அல்லது 5சி, பாஷில் இ18 என்று திரையில் தெரியும். எல்லாம் சொல்வது ஒன்றைத்தான்: குறித்த நேரத்துக்குள் டப் (டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டி) காலியாகவில்லை. பம்ப் எரிந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை.

முன்பக்கம் கீழே ஒரு மூலையில் சிறிய கதவு இருக்கும். அதைத் திறந்தால் திருகு மூடிபோல ஃபில்டர் தெரியும். பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று இருந்தால், அதன் மூடியைக் கழற்றி அதன் வழியே தண்ணீரை வடியுங்கள். அது இல்லாத மெஷினில் தட்டையான தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஃபில்டரை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தட்டு நிறைந்ததும் இறுக்கி, கொட்டிவிட்டு மறுபடி தளர்த்துங்கள். சுடுநீர்ச் சலவையின் நடுவில் நின்றிருந்தால் தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள்.

காசு, ஊக்கு, ஹேர்பின், பொத்தான், பஞ்சு என்று என்னென்னவோ வரும். எடுத்த பிறகு டார்ச் அடித்து உள்ளே இருக்கும் பம்ப் இறக்கையை ஒரு பென்சிலால் சுற்றிப் பாருங்கள். காந்தம் பிடித்து இழுப்பதுபோல் தடங்கித் தடங்கிச் சுற்றினால் நல்ல நிலையில் இருக்கிறது. பலர் இந்தத் தடங்கலைப் பழுது என்று நினைத்துப் புதுப் பம்ப் வாங்கிவிடுகிறார்கள். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால்தான் இறக்கை காந்த அச்சிலிருந்து விட்டுப்போயிருக்கிறது. சுற்றவே மறுத்தால் அச்சில் நூலோ முடியோ சுற்றிக்கொண்டிருக்கும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகவில்லையா? பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். ரீங்காரம் வருகிறது, தண்ணீர் நகரவில்லை என்றால் அடைப்பு வேறிடத்தில்: டப்பிலிருந்து பம்புக்கு வரும் மடிப்புக் குழாயில் ஒரு காலுறை சிக்கியிருக்கலாம், அல்லது வெளியே போகும் குழாய் மெஷினுக்குப் பின்னால் நசுங்கியிருக்கலாம். சத்தமே வராவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்பின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 220–240 வோல்ட் பம்பில் சுமார் 150 முதல் 200 ஓம் காட்டும். எண்ணே வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் பம்பை மாற்ற வேண்டியதுதான். ஓம் சரியாக இருந்தால் ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள், போர்டு அதற்கு அப்புறம். எலி நுழையும் இடமாக இருந்தால் ஒயர் கடிபட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஃபில்டரைத் திரும்பப் போடும்போது ரப்பர் வளையத்தையும் மரையையும் துடைத்துவிட்டு இறுக்குங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரை டிரம்மில் ஊற்றி, வெளியேற்றும் கட்டத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தால் கசிவு இருந்தால் தெரிந்துவிடும்.

தண்ணீர் பிடிக்கவில்லை, அல்லது பிடித்துக்கொண்டே இருக்கிறது

பின்பக்கத்தில் குழாய் இணையும் இடத்தில் சின்ன வலை ஒன்று இருக்கும். மூக்குக் குறடால் இழுத்தால் வந்துவிடும். மணலும் துருவும் சேர்ந்து அதை அடைத்திருந்தால் பல் துலக்கும் பழைய பிரஷ் போதும். பெரும்பாலான மெஷின்களுக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தமாவது வேண்டும். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் தரும். ஆக, தொட்டியின் நீர்மட்டம் மெஷினைவிட 5 மீட்டர் உயரத்தில்கூட இல்லையென்றால் பழுது மெஷினில் இல்லை, அழுத்தத்தை ஏற்றும் பம்ப்தான் தீர்வு. வலையும் அழுத்தமும் சரியாக இருந்தால், தண்ணீரைத் திறந்து மூடும் மின் வால்வின் காயிலை அளந்து பாருங்கள், 3 முதல் 4.5 கிலோ ஓம் காட்ட வேண்டும்.

மின்சாரமே இல்லாதபோதும் டிரம்மில் தண்ணீர் சேர்ந்தால் வால்வின் உள்ளே துகள் சிக்கி முழுதாக மூடவில்லை என்று பொருள். வால்வை மாற்றுங்கள்.

தண்ணீர் ஒரு பக்கம் வந்துகொண்டே, மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கிறதா? வெளியேற்றும் குழாயின் முனை தரையில் கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படிக் கிடந்தால் பம்ப் ஓடாமலே தண்ணீர் தானாக இறங்கிவிடும். அந்தக் குழாய் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும். முனையைச் சுற்றிக் காற்று போக இடைவெளியும் இருக்க வேண்டும். கழிவுக் குழாயில் இறுக்கமாகச் செருகி டேப் சுற்றினாலும் இதே தொல்லைதான்.

தண்ணீர் மட்டம் தாறுமாறாக இருந்தால் பிரஷர் சென்சாரின் பக்கம் போங்கள். டப்பின் அடியில் உள்ள ஒரு சிறு அறையிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் மேலே சென்சாருக்குப் போகும். தண்ணீர் ஏறும்போது குழாய்க்குள் காற்று அழுத்தப்படும்; அந்த அழுத்தத்தை வைத்துத்தான் மெஷின் மட்டத்தைக் கணிக்கிறது. அறையில் சோப்புச் சகதி அடைத்தாலோ, குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலோ கணக்கு தப்பும். குழாயைச் சென்சாரிலிருந்து கழற்றி, டப் பக்கமாக மெதுவாக ஊதுங்கள். காற்று எளிதாகப் போக வேண்டும்.

பிழியாமல் நின்றால்

முதலில் துணியைப் பாருங்கள். ஒரே ஒரு கனத்த விரிப்பை மட்டும் போட்டால் அது ஒரு பக்கம் ஒதுங்கி எடை சமனாகாது. மெஷின் சிலமுறை முயன்றுவிட்டு, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் கைவிடும். கூடவே இரண்டு மூன்று துண்டுகளைப் போட்டால் சரியாகிவிடும். தண்ணீர் புகாத விரிப்புகளை இதில் பிழியவே கூடாது. உள்ளே தேங்கும் தண்ணீர் திடீரென இடம் மாறினால் மெஷினே துள்ளிவிடும்.

அடுத்தது நுரை. கை சலவைக்கான தூளையோ டாப் லோட் தூளையோ போட்டால், நுரை டிரம்முக்கும் டப்புக்கும் இடையில் மெத்தைபோல் நின்று சுழற்சிக்குத் தடையாகிறது. பம்ப் தண்ணீரை இழுக்காமல் நுரையையும் காற்றையும் கடைகிறது. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி துணி மென்மையாக்கியைக் கலந்து சோப்புப் பெட்டியின் முதன்மைச் சலவை அறையில் ஊற்றினால் நுரை அடங்கும். பிறகு சோப்பு இல்லாமல் ஒருமுறை அலசவிடுங்கள். ஃபிரண்ட் லோடுக்கான குறைநுரை சோப்பை மட்டுமே வாங்குங்கள். அதிக அழுக்கில்லாத துணிக்கு உறையில் சொன்ன அளவில் பாதியில் தொடங்கிப் பாருங்கள்.

மெஷின் நடந்து இடம் மாறுகிறதென்றால் மேலே ரசமட்டம் வைத்துக் கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள். முடித்ததும் ஒவ்வொரு காலின் லாக் நட்டையும் மெஷினின் உடலோடு சேரும்படி மேல்நோக்கி இறுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். புது மெஷின் முதல் நாளே குதித்தால், கொண்டுவரும்போது டிரம்மைப் பூட்டியிருந்த பின்பக்க போல்ட்டுகள் கழற்றப்படவில்லை. அவற்றோடு ஓட்டினால் மெஷின் கெட்டுவிடும்.

பழைய மெஷினில் ஷாக் அப்சார்பரைச் சோதிக்க டிரம்மைக் கீழே அழுத்தி விடுங்கள். மேலே வந்து ஒரு ஆட்டத்துக்குள் நிற்க வேண்டும். ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

டிரம் சுழலவே இல்லை, அல்லது விட்டுவிட்டுச் சுழல்கிறது என்றால் பெல்ட் உள்ள மெஷினில் பெல்ட்டையும் மோட்டாரின் கார்பன் பிரஷ்களையும் பாருங்கள். பிரஷ் 15 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். டிரம்மோடு நேராக இணைந்த டைரக்ட் டிரைவ் மோட்டாரில் பெல்ட்டும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை.

விமானம் கிளம்புவதுபோல் சத்தம்: பேரிங்

வேகம் கூடக்கூட இரைச்சல் கூடினால் பேரிங்தான். காலி டிரம்மைக் கையால் சுற்றுங்கள், கரகரப்பு கேட்கும். பிறகு டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். டிரம்மும் வெளி டப்பும் சேர்ந்து ஆடினால் அது இயல்பு, ஸ்பிரிங்கில் தொங்குகிறது. டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங் போயிருக்கிறது, அல்லது டிரம்மைத் தாங்கும் மூன்று கை ஸ்பைடர் விரிசல் கண்டிருக்கிறது. பின்பக்க மூடியைக் கழற்றினால் டப்பின் நடுவிலிருந்து துருநிறக் கோடு இறங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

முதலில் கெடுவது பேரிங் அல்ல, அதற்கு முன்னால் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல். சீல் தேய்ந்து, சோப்புத் தண்ணீர் புகுந்து, கிரீஸைக் கரைத்த பிறகுதான் பேரிங் துருப்பிடிக்கிறது. ஆகவே பேரிங்கை மாற்றிவிட்டுப் பழைய சீலையே போடுவது வீண் உழைப்பு.

வேலையைத் தொடங்கும் முன் டப் இரண்டு பாதிகளாகத் திருகப்பட்டதா, உருக்கி ஒட்டப்பட்டதா என்று பாருங்கள். ஒட்டப்பட்டதென்றால் முழு டப்பையும் மாற்றுவதே வழக்கம். திருகப்பட்டதென்றால் ஒயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொண்டு, கான்கிரீட் கட்டிகளை முதலில் எடுத்து எடையைக் குறைத்துவிட்டு, டப்பை வெளியே எடுங்கள். பாதிகளைப் பிரித்து, அச்சின் முனையில் மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டினால் டிரம் கழன்று வரும். நேராக இரும்பால் அடித்தால் அச்சின் மரை நசுங்கிவிடும். சீலை நெம்பி எடுத்து, இரு பேரிங்குகளையும் எதிர்ப்பக்கத்திலிருந்து சுற்றிச்சுற்றித் தட்டி வெளியே தள்ளுங்கள்.

பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6205, 6206 போன்றவை பரவலானவை. 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, கனம் 15 மி.மீ. அதே எண்ணையே வாங்குங்கள். புதியதைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் சற்றுச் சுருங்கி எளிதாக இறங்கும். தட்டும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்ட வேண்டும். உள்வளையத்தில் அடி விழுந்தால் புதுப் பேரிங்கே பாழ். சீலின் உதட்டில் தண்ணீர் புகாத கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். சீல் உராயும் இடத்தில் அச்சில் பள்ளம் விழுந்திருந்தாலோ, ஸ்பைடர் அரித்திருந்தாலோ அதையும் மாற்றாமல் மூடாதீர்கள்.

கசிவு, கதவு, ஹீட்டர்

தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் கசிந்தால் சோப்புப் பெட்டியையும் பின்பக்கக் குழாய் வாஷரையும் பாருங்கள். வெளியேற்றும்போது மட்டும் என்றால் பம்பையும் அதன் குழாயையும். கதவுக்குக் கீழே சொட்டினால் ரப்பர் கேஸ்கெட் கிழிந்திருக்கும், அல்லது கதவுக் கண்ணாடியில் சோப்புப் படிந்திருக்கும். கேஸ்கெட்டை மாற்றும்போது அதன் வடிகால் துளைகள் மிகச்சரியாக அடியில் வர வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் ரப்பர் எளிதாக உட்காரும்.

கதவு திறக்கவில்லை என்றால் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், பூட்டு விடுபட அவ்வளவு நேரம் ஆகும். உள்ளே தண்ணீர் நின்றால் அதை வடிக்கும்வரை திறக்காது. பல மெஷின்களில் ஃபில்டர் கதவுக்குள் அவசர இழுவை நாடா ஒன்று இருக்கும்.

சலவை தொடங்கிச் சில நிமிடங்களில் வீட்டின் கசிவு மின் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்தால் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். 230 வோல்ட், 2000 வாட் ஹீட்டரில் சுமார் 26 ஓம் வர வேண்டும். முனைக்கும் எர்த்துக்கும் இடையே எந்த இணைப்பும் காட்டக் கூடாது. காட்டினால் அதை மாற்றும்வரை மெஷினை ஓட்டாதீர்கள்.

பராமரிப்பு

குளிர்ந்த நீரிலும் 30 டிகிரியிலும் மட்டுமே துவைத்தால் சோப்பும் அழுக்கும் சேர்ந்து வழவழப்பான படலமாகி, நாற்றமும் கரும்பூஞ்சையும் வரும். மாதம் ஒருமுறை துணி இல்லாமல் 60 டிகிரிக்கு மேல் ஓட்டுங்கள். ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் கேஸ்கெட்டின் மடிப்பைத் துடைத்து, கதவையும் சோப்புப் பெட்டியையும் சற்றுத் திறந்து வையுங்கள். குழந்தைகளோ பூனையோ இருக்கும் வீட்டில் கைப்பிடியளவு இடைவெளி கூட வேண்டாம், உள்ளே புகுந்துவிட்டால் ஆபத்து. அங்கே துடைத்து உலர்த்திவிட்டு மூடுங்கள்.

உப்புத் தண்ணீராக இருந்தால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் காலி டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓட்டி, பிறகு ஒருமுறை வெறும் நீரில் அலசுங்கள். அடிக்கடி செய்தால் ரப்பருக்கும் அலுமினிய ஸ்பைடருக்கும் கெடுதல். அமிலத்தோடு பிளீச்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சான குளோரின் வாயு வரும்.

பம்ப் ஃபில்டரை மாதம் ஒருமுறையும், தண்ணீர் வரும் வலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் வரும் குழாயில் வீக்கமோ விரிசலோ தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். அந்தக் குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதால், வெளியூர் கிளம்பும்போது மெஷினுக்கான குழாயை மூடிவிட்டுப் போங்கள்.