தோல் ஊரில் செயற்கை ஸ்வேட்: பைக் சீட் தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தொட்டுப் பார்த்தே ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா என்று சொல்லிவிடும் கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளிடம் போய், பைக் சீட்டுக்குச் செயற்கை ஸ்வேட் (மென்மயிர் படர்ந்த ஸ்வேட் தோலைப் போலவே செய்த பொருள்) தைத்துத் தாருங்கள் என்று கேட்டேன். "தோல் ஊருக்கு வந்து துணி கேட்கிறீர்களே, சார்" என்று சிரித்த பாய், தோலைத் தைப்பது போலவே அதையும் தைத்துக் கொடுத்தார். குறை அவருடையது அல்ல. எப்படித் தைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. என் பழைய புல்லட்டின் ஒற்றைச் சீட்டை இரண்டு முறை பிரித்துக் கட்டிய பிறகு ஒன்று புரிந்தது: தோலில் நல்ல பழக்கமாக இருப்பவற்றில் பல இந்தப் பொருளுக்கு ஆகாதவை.

முதலில் பொருளைச் சரியாக வாங்க வேண்டும். அசல் வகை செயற்கை ஸ்வேட் நெய்த துணி அல்ல. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பாலியஸ்டர் இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்து, பாலியூரித்தேனால் பிணைத்து, மேற்பரப்பைத் தேய்த்து மென்மையாக்குகிறார்கள். 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கியது இது. இத்தாலியில் தயாராகும் ஆல்கண்டாராவும் இதே குடும்பம்தான். அதில் பாலியஸ்டர் ஏறக்குறைய 68 விழுக்காடு, மீதி பாலியூரித்தேன். கடையில் ஸ்வேட் என்ற பெயரில் விற்கும் மலிவான சோபாத் துணி பெரும்பாலும் வேறு சரக்கு. ஓரத்தை வெட்டி நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் நூலாகப் பிரிந்து வந்தால் அது சோபாவுக்கே போகட்டும். மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் வேலூர் வெயிலில் நாள் முழுக்க நிற்கப்போகும் சீட் இது. வாகனங்களுக்கென்று செய்த, வெயிலில் எளிதில் வெளுக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வெட்டு. என் முதல் சீட் பாழானது இங்கேதான். தோலில் தழும்பு இருக்கும், ஓட்டை இருக்கும். அவற்றைத் தவிர்த்து, துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்து, ஓர் அங்குலம்கூட வீணாகாமல் வெட்டுவதுதான் தோல்காரரின் திறமை. ஸ்வேட்டில் அப்படித் திருப்பி வைத்தால் தொலைந்தது. அதன் மேல்மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஒரு துண்டு ஒரு திசையிலும் மற்றொன்று எதிர்த்திசையிலும் இருந்தால், ஒரே சுருளில் வெட்டியவையானாலும் வெயிலில் இரண்டு நிறமாகத் தெரியும். கடைக்குள் குழல் விளக்கில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும் நடுத்துண்டு கறுப்பு, பக்கங்கள் சாம்பல்! வெல்வெட் ரவிக்கை தைக்கும் அக்காவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் சாக்கட்டியால் அம்புக்குறி போட்டுவிட்டு வெட்டுங்கள். சீட்டில் முன்னிருந்து பின்னாகத் தடவும்போது வழவழப்பாக இருக்கும்படி வையுங்கள். பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னே சறுக்குவது மயிருக்கு எதிர்த்திசையில் அமைவதால் கொஞ்சம் பிடிமானமும் கிடைக்கும்.

பழைய உறையைப் பிரித்து அப்படியே அளவெடுப்பதும் வேண்டாம். பல வருடம் உட்கார்ந்து அது தளர்ந்திருக்கும். செதுக்கி முடித்த ஃபோமின் மீது காகித டேப்பை ஒட்டி, கோடு போட்டு, உரித்தெடுத்து அளவு எடுங்கள்.

தையலில் ஊசிதான் முக்கியம். செருப்புத் தையலுக்குப் போடும் ஊசியின் நுனி சிறு கத்தி போல் வெட்டிக்கொண்டே போகும். தோலுக்கு அது தேவை. ஸ்வேட்டிலோ ஒவ்வொரு குத்தும் ஒரு கீறல். தையலை நெருக்கமாகப் போட்டால் தபால் தலையின் ஓரம் போலக் கிழியக் காத்திருக்கும். சாதாரணக் கூர்நுனி ஊசி, 3 முதல் 4 மில்லிமீட்டர் தையல், பாலியஸ்டர் நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி நூல் மழையில் மக்கிவிடும். தைத்து முடித்ததும் சுத்தியலால் தையலைத் தட்டிப் படியவைக்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். நசுங்கிய மயிர் முழுதாக எழுவதில்லை. உள்பக்கம் விரலால் அழுத்தினாலே போதும்.

ஒட்டுப் பசையான சொல்யூஷனைத் தூரிகையால் தாராளமாகப் பூசுவது இன்னொரு பழக்கம். தோலின் மேல்புறத்துக்கு அது வருவதில்லை. ஸ்வேட்டிலோ ஊறி வெளியே வந்து கறையாக நிற்கும். இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தெளித்து, கையில் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் இருக்கும் பதத்தில் சேர்க்க வேண்டும். சுருக்கம் போக ஹீட் கன் காட்டுவதும் ரெக்ஸின்காரரின் கைவந்த கலை. பாலியஸ்டர் 250 பாகையை ஒட்டி உருகிவிடும்; ஹீட் கன்னின் காற்று அதைவிட மிகச் சூடானது. ஒரு நொடி அதிகமானால் பளபளவென்று ஒரு வடு விழும், போகவே போகாது. சுருக்கத்தை இழுப்பில்தான் எடுக்க வேண்டும்: முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொரு ஸ்டேப்ளர் பின் அடித்து, பிறகு இடமும் வலமும் மாறி மாறி நகர்ந்து வாருங்கள்.

மழையைப் பற்றிக் கேட்டால், ஆற்றில் தண்ணீர் இல்லாத ஊரில் மழைக்கு என்ன பயம் என்பார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஸ்வேட் நனைந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். தையல் துளை வழியாக ஃபோமுக்குள் இறங்கிய தண்ணீர்தான் காயாது. மேலே கைவைத்தால் உலர்ந்திருக்கும், உட்கார்ந்தால் பிழிந்துவிடும். அலுவலகத்தில் நனைந்த கால்சட்டையோடு நின்று விளக்கம் சொன்ன அனுபவம் எனக்கு உண்டு. ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே மழைக்கோட்டுத் துணியை ஒரே துண்டாகப் போர்த்தி அடிவரை மடித்துவிடுங்கள். பாலிதீன் வேண்டாம், உட்காரும்போதெல்லாம் சரசரக்கும். அடித்தட்டில் தண்ணீர் வடிய ஓரிரு துளைகளும் இருக்கட்டும்.

நிறம் உங்கள் விருப்பம். இரண்டாவது முறை நான் வெளிர் சாம்பலைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றே வாரத்தில் புது ஜீன்ஸின் நீலம் அதில் ஏறிவிட்டது. ஈரத்துணியும் மென்பிரஷ்ஷும் கொண்டு வாரம் ஒருமுறை தேய்க்கிறேன், பாதி போயிருக்கிறது.