பழைய சுவருக்கு ‘நானோ’ பூச்சு: எங்கே தப்பு நடக்கிறது?

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீட்டைப் பழுதுபார்க்க இறங்கினால் யாராவது ஒருவர் சொல்வார்: “நானோ கோட்டிங் அடிச்சிருங்கண்ணே, தண்ணி ஒட்டவே ஒட்டாது.” ஒட்டாதுதான். ஆனால் அந்தச் சுவருக்குத் தண்ணீர் மழையில் மட்டுமா வருகிறது? தரையிலிருந்தும் ஏறுகிறது.

ஓதம், அதாவது தரை ஈரம், ஏறும் சுண்ணாம்புச் சுவரில் நீர்விலக்கி அடிப்பதுதான் பெரிய தவறு. நானோ கோட்டிங் என்று விற்கும் சிலேன், சிலாக்சேன் வகைப் பூச்சுகள் (சிலிக்கான் சேர்மங்கள்) சுவரின் நுண்துளைகளை அடைப்பதில்லை, ஆவி வெளியேறும் என்று விற்பவர் சொல்வது பொய்யில்லை. உப்பைப் பற்றி மட்டும் பேச மாட்டார். ஓதத்தோடு கரைந்து வரும் உப்பு ஆவியாகாது. முன்பெல்லாம் சுவரின் மேலே பூக்கும், துடைப்பத்தால் தட்டினால் உதிரும். பூச்சு அடித்த பின் தண்ணீர் சில மில்லிமீட்டர் உள்ளேயே நின்றுவிடுவதால் உப்பும் அங்கேயே படிகமாகும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த மேல்பூச்சு அப்படியே பத்தை பத்தையாகப் பெயர்ந்து விழும். அடிக்கும் முன் ஓர் அடி பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் டப்பாவைத் திறக்காதீர்கள்.

உதிரும் பூச்சுக்கு சிமெண்ட் ஒட்டுப் போடுவதைவிட நானோ சுண்ணாம்பு நல்ல யோசனை. ஆல்கஹாலில் கலந்த கால்சியம் ஹைட்ராக்சைடு நுண்துகள்கள் உள்ளே இறங்கி, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகவே மாறும். சுவரின் சொந்தப் பொருள்! அதையும் சித்திரை மாத உச்சி வெயிலில் அடித்தால் ஆல்கஹால் சட்டென்று ஆவியாகி, துகள்களை மேலே இழுத்து வந்து வெள்ளையாகப் படியவிடும். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். பக்கத்தில் பீடி பற்றவைக்க விடாதீர்கள். தட்டினால் ‘டொக்’ என்று கேட்கும் பொள்ளல் இதற்கு அடங்காது, அங்கே சுண்ணாம்புக் கூழ்தான் செலுத்த வேண்டும்.

பூஞ்சணம் பிடிக்காது என்று நம்பி இருட்டு அறைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு பெயிண்ட் வாங்குவது வீண் செலவு. அது வேலை செய்யப் புற ஊதாக் கதிர் வேண்டும்.

கடைசியாக ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டில் கையால் செய்யும் சிமெண்ட் தரை ஓடு. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துப் பழகிய தளத்தில் நானோ சீலர் பிடிக்காது. எண்ணெயை எடுக்கிறேன் என்று ஆசிட் ஊற்றினால் சிமெண்டையும் சேர்த்தே அரித்துவிடும்.