ஒரு ஏக்கரில் தக்கைப்பூண்டு, சம்பா, உளுந்து: உரத்தோடு சேர்த்துத் திட்டமிடுவது எப்படி?

காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுத்த வயல் அப்படியே தரிசாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறாது. அந்த ஈரத்திலேயே உளுந்து விளைந்துவிடும். கார்த்திகை மழையில் சம்பா அடிபட்ட வருஷத்தில் கையில் காசு தருவதும் அந்த உளுந்துதான். புதிதாகச் செய்பவர்கள் ஒரு ஏக்கரில் தொடங்குங்கள். உரத்தைப் பயிர் பயிராகப் பார்க்காமல் வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கோடையிலேயே மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். வயலில் பத்து இடங்களில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை மண்ணைச் சுரண்டிக் கலந்து, அதில் அரை கிலோ போதும்.

ஆடியில், பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டின் விதை 20 கிலோ தெளியுங்கள். 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுதுவிட வேண்டும். விட்டால் தண்டு முற்றி, மக்கத் தாமதமாகும்.

நீண்ட காலச் சம்பாவுக்குப் பொதுப் பரிந்துரை ஏக்கருக்கு தழைச்சத்து (நைட்ரஜன்) 60, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 20 கிலோ. பரிசோதனை முடிவைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். தக்கைப்பூண்டு மடக்கிய வயலில் அடியுரத் தழைச்சத்தைக் குறைக்கலாம். யூரியாவைப் பிரித்துப் பிரித்து, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போடுங்கள். கூடிப்போனால் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வரும். நடவுக்கு முன் 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள். மணிச்சத்து உரத்தோடு கலக்கக் கூடாது.

சரி, உளுந்துக்கு வருவோம். ஆடுதுறை 3 இதற்கு ஏற்ற ரகம். 12 கிலோ விதையில், ஆறிய கஞ்சியில் குழைத்த ஒரு பொட்டலம் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைப் பூசி நிழலில் உலர்த்துங்கள். ஆள் வைத்து அறுப்பதானால் அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதைக்க வேண்டும். மண் மெழுகுப் பதத்தில் இருக்கணும். தண்ணீர் நின்றால் விதை அழுகும், காய்ந்தால் முளைக்காது. மெஷின் அறுப்பென்றால் முளை நசுங்காதபடி இன்னும் சில நாள் தள்ளி, அறுப்புக்கு நெருக்கமாக விதையுங்கள், டயர் வண்டியை விடச் செயின் வண்டி நல்லது.

நெல் நிற்கும் வயலில் அடியுரம் போட வழியில்லை. அதனால்தான் இலைவழி உரத்தை விடவே கூடாது என்கிறேன். தழையும் மணியும் சேர்ந்த உரமான டிஏபியில் 4 கிலோவை முதல்நாள் 20 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிவை மட்டும் இறுத்து 200 லிட்டராக்குங்கள். வண்டலையும் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும். பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். இதற்குப் பதிலாக வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற ஊட்டச்சத்துக் கலவை 2 கிலோவைப் பூக்கும்போது ஒருமுறை தெளித்தாலும் போதும்.

அப்புறம், நோட்டில் கணக்கு. தக்கைப்பூண்டுச் செலவை நெல்லின் தலையில் மட்டும் கட்டாதீர்கள், அந்தச் சத்தில் உளுந்துக்கும் பங்கு உண்டு. வீட்டாள் கூலியையும் எழுதுங்கள். ஆடி முதல் பங்குனி வரை மொத்த வரவு, மொத்தச் செலவு பார்த்தால்தான் ஏக்கருக்கு என்ன நின்றது என்று தெரியும். உளுந்தை விற்குமுன் நன்றாகக் காய்ந்ததில் 12 கிலோ விதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.