சர்க்கரை இறக்குமதி விசாரணைச் செய்திகள்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோ சர்க்கரை அரசு மானியத்தோடும் நியாயமற்ற குறைந்த விலையிலும் வருகிறது என்று அமெரிக்கச் சர்க்கரை உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பு 2014 மார்ச் 28 அன்று மனு கொடுத்தது. வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2008 முதல் மெக்சிகோ சர்க்கரை வரியோ அளவுக் கட்டுப்பாடோ இன்றி அமெரிக்காவுக்குள் வந்துகொண்டிருந்தது. இத்தகைய விசாரணைகளைப் பற்றிய செய்திகளை எப்படியெல்லாம் தவறாகப் படிக்கிறோம் என்பதற்கு இந்த ஒரு வழக்கே போதும்.

மானியத்தையும் குறைவிலை விற்பனையையும் ஒரே குற்றமாக எண்ணுவது முதல் தவறு. மானியம் அரசு செய்வது. குறைவிலையில் பொருளைக் குவிப்பது நிறுவனம் செய்வது. இரண்டுக்கும் தனித்தனி விசாரணை, தனித்தனி வரி. ‘குறைவிலை’ என்றால் உலகச் சந்தை விலையைவிடக் குறைவு என்று பொருளல்ல. ஏற்றுமதி செய்பவர் தன் சொந்த நாட்டில் விற்கும் விலையோடும், சில நேரங்களில் உற்பத்திச் செலவோடும்தான் ஒப்பிடுகிறார்கள். அதனால் உலக விலைக்கு மேலே விற்றவர்மீதும் இந்தக் குற்றச்சாட்டு நிற்கலாம். அமெரிக்க அரசின் இறக்குமதி ஒதுக்கீடுகள் அந்நாட்டுச் சர்க்கரை விலையை உலக விலைக்கு மேலேயே தாங்கிப் பிடிக்கின்றன. இதைச் சொல்லாத செய்தி பாதிச் செய்தி என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது, ‘அமெரிக்க அரசு முடிவு செய்தது’ என்று ஒரே வரியில் கடந்துவிடுவது. மானியம் உண்டா, விலை குறைவா, எத்தனை சதவீதம் என்பதை வணிகத் துறை கணக்கிடுகிறது. அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு நேர்ந்ததா, நேரும் அபாயம் உள்ளதா என்பதைச் சர்வதேச வர்த்தக ஆணையம் தனியே தீர்மானிக்கிறது. இரண்டும் ‘ஆம்’ என்றால்தான் வரி நிலைக்கும். பாதிப்பு என்று ஆணையம் பார்ப்பது உற்பத்தியாளரின் பாதிப்பை மட்டுமே. மிட்டாய் செய்பவருக்கும் ரொட்டி சுடுபவருக்கும் சர்க்கரை விலை ஏறினால் என்ன ஆகும் என்று எடைபோட அந்தச் சட்டம் கேட்பதில்லை. வாங்குபவரின் நலன் தராசிலேயே ஏறாத விசாரணையின் முடிவை நியாய விலை பற்றிய தீர்ப்பாக ஏற்க முடியாது.

இடைக்கால எண்களை இறுதி எண்களாகப் பிடித்துக்கொள்வதும் பரவலான தவறு. 2014 ஆகஸ்டில் வந்த முதற்கட்ட மானிய விகிதம் 2.99 முதல் 17.01 சதவீதம். 2015இல் வந்த இறுதிக் கணக்கில் அது 5.78 முதல் 43.93 சதவீதமாக மாறியது. இதில் உச்ச விகிதம், 2001இல் மெக்சிகோ அரசு கையகப்படுத்திய ஆலைகளை நடத்திய அரசு நிதியத்துக்கு உரியது. அந்த ஒற்றை எண்ணை எடுத்து ‘மெக்சிகோ சர்க்கரைக்கு 44 சதவீத மானியம்’ என்று எழுதுவது ஒரு நிறுவனத்தின் கணக்கை முழு நாட்டின்மீதும் ஏற்றுவதாகும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விசாரணை முடிந்தால் வரி வந்துவிடும் என்று நம்புவது. இங்கே இறுதி வரிகள் நடைமுறைக்கு வரவே இல்லை. 2014 டிசம்பர் 19 அன்று இரு தரப்பும் ஒப்பந்தம் செய்து விசாரணையை நிறுத்திவைத்தன. வரிக்குப் பதிலாகக் குறைந்தபட்ச விலையும் ஏற்றுமதி வரம்பும் வந்தன. உண்மையான சண்டை அதன் பிறகுதான் தொடங்கியது. மெக்சிகோவின் ‘எஸ்தாந்தர்’ வகைச் சர்க்கரை முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டதல்ல; ஆனாலும் அப்படியே உணவுத் தயாரிப்பில் பயன்படுத்தும் அளவுக்குத் தூய்மையானது. அது நேரே வாங்குபவர்களுக்குப் போய்விட்டதால், அமெரிக்கக் கடலோரச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கச்சாச் சர்க்கரை போதவில்லை. இம்பீரியல் சுகர், ஆம்கேன் என்ற இரு நிறுவனங்கள் அந்த ஒப்பந்தங்களை எதிர்த்தன. அதனால்தான் நிறுத்திய விசாரணையை மீண்டும் எடுத்து, மேலே சொன்ன இறுதி விகிதங்களைக் கணக்கிட நேர்ந்தது.

2017 ஜூன் 30 அன்று ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டன. சுத்திகரித்த சர்க்கரைக்கான குறைந்தபட்சத் தூய்மை அளவு 99.5இலிருந்து 99.2ஆகக் குறைந்தது; அதனால் ‘எஸ்தாந்தர்’ சர்க்கரையும் சுத்திகரித்த வகையாகவே கணக்கிடப்படும் நிலை வந்தது. சுத்திகரித்த வகைக்கு அனுமதித்த உச்சப் பங்கு, மொத்த ஏற்றுமதியில் 53 சதவீதத்திலிருந்து 30ஆகச் சுருங்கியது. மற்ற சர்க்கரையை மூட்டையிலோ கன்டெய்னரிலோ அனுப்பாமல் கப்பலின் அடித்தளத்தில் நேரடியாகக் கொட்டித்தான் ஏற்ற வேண்டும் என்றும் விதித்தார்கள். தலைப்புச் செய்தி குறைந்தபட்ச விலை உயர்ந்ததைச் சொன்னது. வணிகத்தையே மாற்றியதோ அந்த 0.3 புள்ளியும் மூட்டைத் தடையும்தான். ஆகவே இத்தகைய ஒப்பந்தங்களில் விலைப் பகுதியோடு நிறுத்திவிடாமல், பொருளை வரையறுக்கும் பகுதியையும் தேடிப் படியுங்கள்.

இந்திய வாசகர்கள் இன்னொன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2021 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு, பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா தொடுத்த வழக்கில், இந்தியா கரும்பு விவசாயிகளுக்குத் தரும் ஆதரவு வரம்பை மீறியதாகச் சொன்னது. அது நாடுகளுக்கிடையேயான வழக்கு. அதிலிருந்து எந்த இறக்குமதி வரியும் தானாகப் பிறக்காது. இந்தியா 2022 ஜனவரியில் மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய அமர்வோ, நியமனங்கள் தடைபட்டதால் 2019 டிசம்பர் முதலே செயல்படவில்லை.

நீதிமன்றச் செய்தியிலும் அதே எச்சரிக்கை தேவை. 2017இன் திருத்தங்களை அமெரிக்கச் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் 2019இல் ரத்து செய்தது. மற்ற தரப்பினர் இல்லாமல் ஒரு தரப்பினரோடு மட்டும் நடத்திய தனிச் சந்திப்புகளை வணிகத் துறை முறையாகப் பதிவு செய்யவில்லை என்பதுதான் காரணம். தூய்மை அளவு சரியா தவறா என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. 2020 ஜனவரியில் அதே திருத்தங்கள் மீண்டும் கையெழுத்தாகி நடைமுறைக்கு வந்தன.