ஸ்க்விட் கேச் சர்வர்: உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்ப்பது

கோடை வந்தால் சென்னை அபார்ட்மென்ட்களில் சம்ப்பில் எத்தனை லாரித் தண்ணீர் இறங்கியது, மேல்தொட்டிக்கு எவ்வளவு ஏறியது என்று எழுதி வைப்பார்கள். ஒருமுறை இறக்கியதைச் சேமித்துவைத்து, அடுத்து கேட்பவருக்கு அங்கிருந்தே தருவது கேச் சர்வர்; ஸ்க்விட் அதற்கான மென்பொருள். அதற்கும் உள்ளே வந்தது, வெளியே கொடுத்தது என்ற அந்த இரண்டு அளவுகள்தான் அடிப்படை. சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வையுங்கள்: ஒன்று வெளி இணைப்புக்கு, மற்றது ஆபீஸ் ஸ்விட்சுக்கு. போக்குவரத்தை அளக்கும் 'விஎன்ஸ்டாட்' மென்பொருளைப் போட்டால் இரண்டுக்கும் நாள், மாதக் கணக்கு தனித்தனியே சேரும். ஸ்விட்ச் பக்கம் அனுப்பியதில் வெளியிலிருந்து வந்ததைக் கழித்தால் வருவதே மிச்சம். சர்வர் தனக்கே அப்டேட் இறக்கிய நாளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

சில சமயம் இந்தக் கணக்கு தலைகீழாக வரும்: கொடுத்ததைவிட வெளியிலிருந்து வந்தது கூடியிருக்கும். பயனர் பாதியில் நிறுத்திய டவுன்லோடை ஸ்க்விட் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருக்கலாம். இதைக் கட்டுப்படுத்தும் 'குயிக் அபார்ட்' அமைப்பின் அளவுகளை யாராவது கூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். 'ரேஞ்ச் ஆஃப்செட் லிமிட்' என்ற இன்னொரு அமைப்பு கட்டுப்பாடின்றி விடப்பட்டிருந்தால், கேட்டது ஒரு துண்டானாலும் முழு ஃபைலும் இறங்கும்.

அடுத்து, ஸ்க்விட் தன் நிலையைக் காட்டும் கேச் மேனேஜரின் 'இன்ஃபோ' பக்கம். இயல்பான அமைப்பில் அது சர்வருக்குள்ளிருந்து, 3128 போர்ட்டில் மட்டுமே திறக்கும். அதை வெளியே திறந்துவிடாதீர்கள். ஹிட் சதவீதம், அதாவது கேச்சிலிருந்தே கொடுத்த பங்கு, 5 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும் இருக்கும். கோரிக்கைகளின் எண்ணிக்கையில் வரும் கோரிக்கை ஹிட்டைப் பார்த்து மகிழ வேண்டாம், டேட்டா அளவில் வரும் பைட் ஹிட்டைப் பாருங்கள். நூறு சின்ன ஐகான்கள் கேச்சிலிருந்து போனாலும் ஒரு பெரிய ஃபைல் வெளியிலிருந்து வந்தால் இணைப்பு நிரம்பிவிடும். ஹெச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த) போக்குவரத்து 'டிசிபி டனல்' என்று லாகில் பதிவாகும். அது சர்வர் வழியே கடந்துபோகுமே தவிர கேச்சில் சேராது. இன்று பெரும்பாலான தளங்கள் இப்படித்தான் என்பதால் பைட் ஹிட் குறைவாக இருந்தால் உடனே டிஸ்க்கைக் கூட்டாதீர்கள். 64 பிட் சர்வரில் ஒவ்வொரு 1 ஜிபி கேச் டிஸ்க்குக்கும் ஏறக்குறைய 14 எம்பி ராம், எது எங்கே இருக்கிறது என்ற இன்டெக்ஸுக்கே போகும். 100 ஜிபி என்றால் 1.4 ஜிபி. ராமிலேயே ஃபைல்களை வைக்கும் 'கேச் மெம்' தனி.

யார் எவ்வளவு இழுத்தார்கள் என்பது, ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வரியாக எழுதும் ஆக்சஸ் லாகில் இருக்கிறது. வரியின் மூன்றாம் பத்தி (காலம்) பயனரின் ஐபி, ஐந்தாம் பத்தி பைட். லினக்ஸின் 'ஆக்' கட்டளை கொண்டு ஐபி வாரியாக ஐந்தாம் பத்தியைக் கூட்டினால் போதும். அழகான அறிக்கை வேண்டுமென்றால் 'சார்க்' என்ற மென்பொருள். இங்கே மூன்று இடங்களில் தவறு நேரும்:

- ஒரு கோரிக்கை முடிந்த பிறகே அதன் வரி லாகில் விழும். காலை 10 மணிக்குத் தொடங்கி 11க்கு முடிந்த டவுன்லோடு மொத்தமும் 11 மணிக் கணக்கில் ஏறும். நெரிசல் எப்போது என்பதற்கு விஎன்ஸ்டாட்டையோ, அந்த நேரப் போக்குவரத்தை நேரடியாகக் காட்டும் 'ஐஎஃப்டாப்'பையோ நம்புங்கள்.
- ஐந்தாம் பத்தி பயனருக்கு அனுப்பியது மட்டும். இரவில் கிளவுடுக்குப் போகும் பேக்கப் அதில் தெரியாது.
- நேரம் யூனிக்ஸ் விநாடியில், யுடிசி கணக்கில் இருக்கும். மாற்றும்போது ஐந்தரை மணி நேரம் கூட்டாவிட்டால் காலை 9 மணிக் கூட்டம் விடியற்காலை மூன்றரையில் நிற்கும்.

அதே இன்ஃபோ பக்கத்தில் ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கும் ஃபைல்கள், இணைப்புகள்) எண்ணிக்கையையும் வாரம் ஒருமுறை பாருங்கள். உச்சவரம்பு 1024ஆக இருந்து, பயன்பாடு அதை நெருங்கினால் புதிய இணைப்புகள் காத்துக் கிடக்கும். பயனர்களோ 'நெட் ஸ்லோ' என்பார்கள். லாகைத் தினமும் ரொட்டேட் செய்யுங்கள் (பழையதை ஒதுக்கி, புதியதைத் தொடங்குவது), அறிக்கை எடுத்த பிறகு. லாக் இருக்கும் டிஸ்க் நிரம்பினால் ஸ்க்விட்டே நின்றுவிடும்.